இன்னைக்கோ நாளைக்கோ

குருக்கத்திவலசில் நாச்சிமுத்துவின் பசு பூவாத்தா நாலு வருஷமாக நிறைசினையாகவே நின்றாள் என்று வெளியூரில் சொன்னால் வாயைப் பிளப்பார்கள், குருக்கத்திவலசில் சொன்னால், "ஆமா, அதுக்கென்ன இப்ப?" என்று கேட்டுவிட்டு டீயை ஆற்றிக் குடிப்பார்கள். மழை பெய்யாத வருஷம் உண்டு, பூக்காத முருங்கை உண்டு, கன்று போடாத நிறைசினையும் உண்டு என்று அந்த ஊர் வெகு சீக்கிரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பசுவால் ஊரில் ஓட்டு வீடுகள் மெத்தை வீடுகள் ஆகிக்கொண்டிருந்தபடியால், ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

அது சங்கிலியில் எழுதியதால் வந்தது.

சென்னையிலிருந்து மீனலோசனி என்ற பெண் வந்தாள். காய்க்காத மரக்கன்றாகப் பார்த்து வாங்கித் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப்போல, இன்னும் வளராத கம்பெனிகளாகப் பார்த்து முதல் போட்டுவிட்டுப் பல வருஷம் காத்திருப்பதுதான் அவள் தொழில். அப்படி அவள் முதல் போட்ட கம்பெனி ஒன்று பிளாக்செயின் என்ற ஏற்பாட்டில் காங்கேயம் மாடுகளின் பிறப்பையும் வளர்ப்பையும் எழுதிவைக்கப் போகிறது என்றும், எழுதிவைத்த மாட்டுக்கு உலகமெல்லாம் மதிப்பு வரும் என்றும் சொன்னாள். வீட்டுக்கு ஒரு பெட்டி, நீல விளக்கோடு, சும்மாவே கொடுத்தார்கள். ஒரு பெட்டியில் எழுதியது எல்லாப் பெட்டியிலும் எழுதப்படும்; ஒருவன் தன் பெட்டியில் மட்டும் திருத்தினால் மற்றப் பெட்டிகள் ஒத்துக்கொள்ளாது; எழுதின வரியை அழிக்க முடியாது, வேண்டுமானால் சாட்சிகள் விரலை வைத்துப் "பார்த்தேன்" என்று சொன்னால் அதற்கடியில் புது வரி எழுதலாம். ஊர் அதற்குச் சங்கிலி என்று பெயர் வைத்தது.

நாச்சிமுத்துவுக்கு மற்றதெல்லாம் பிடிபடவில்லை. சாட்சி என்ற ஒரு சொல் மட்டும் முள் மாதிரி தைத்தது.

"அப்ப இதுல ஒருத்தன் கண்ணுல பாத்துப்போட்டு, பாக்கலீன்னு சொல்ல முடியாதா, அம்மிணி?"

"முடியாதுங்க ஐயா. ஊர்ல எல்லாருமே சாட்சி."

"அப்ப எம்பட ஊட்டுல ரெண்டு பெட்டியா வையி."

இருபது வருஷத்துக்கு முன்னால் கிழக்குத் தோட்டத்துக்காரன் விடிகாலையில் எல்லைக்கல்லைப் பிடுங்கி நாச்சிமுத்துவின் பக்கம் தள்ளி நட்டான். அந்த நேரத்தில் பால்கேனோடு அந்த வழியே போனவர் அர்த்தநாரி, நாச்சிமுத்துவின் பெரியப்பன் மகன், பங்காளி. பஞ்சாயத்தில் எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். அர்த்தநாரி தன் செருப்பைப் பார்த்தபடி, "நான் பாக்கலீங்" என்றார். அந்த ஒரு சொல்லில் ஒரு வேப்பமரமும் கிணற்றுக்குப் போகிற தடமும் போயின. கல்லை நட்டவன் தோட்டத்தை விற்றுவிட்டுப் போய்ச் செத்தும் போனான். அவன் மேல் நாச்சிமுத்துவுக்குக் கோபமில்லை, திருடன் திருடினான், அவ்வளவுதான். அர்த்தநாரியோடுதான் அன்றிலிருந்து பேச்சில்லை. எதிரே வந்தால் ஓடையில் இறங்கி நடப்பார். அர்த்தநாரி மகள் கல்யாணத்தன்று ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்க, வீட்டில் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு, அது கெட்டுப்போயிருந்தும், கடைசிப் பருக்கைவரை தின்றார்.

ஆகவே சங்கிலிக்கு விதி எழுதியபோது நாச்சிமுத்து இரண்டு விதி கேட்டு வாங்கினார். மாட்டுக்குச் சொந்தக்காரனும் அவனோடு ஒரே அடுப்பில் உண்கிறவர்களும் அந்த மாட்டுக்குச் சாட்சி சொல்லக் கூடாது என்பது ஒன்று. அர்த்தநாரி வீட்டில் பெட்டி இருந்தாலும் இருக்கட்டும், தன் மாட்டில் அவருக்கு ஒரு பங்குகூட விற்கக் கூடாது என்பது மற்றொன்று. மீனலோசனி சிரித்துக்கொண்டே இரண்டையும் எழுதினாள்.

பிறகு கம்பெனி ஆள் தொழுவத்துக்கு வந்து பூவாத்தாளை எழுதினான். மயிலை நிறம், ஆறு பல்லு, முதுகில் ஒற்றைச் சுழி. அவள் மடி இறங்கி, வாலடி தளர்ந்து நின்றாள். "சினை எத்தனை மாசம்ங்க? எப்பப் போடும்?" என்று அவன் கேட்டான். அந்தப் பக்கத்தில் நிறைசினைக்கு யாரும் நாள் சொல்ல மாட்டார்கள், நாள் சொன்னால் கண் படும். ஆகவே எல்லோரும் எப்போதும் சொல்வதையே நாச்சிமுத்துவும் சொன்னார்: "இன்னைக்கோ நாளைக்கோ." அவன் அதை அப்படியே எழுதினான். பெட்டிகளெல்லாம் ஒருமுறை கண் சிமிட்டின.

மறுநாளும் பூவாத்தா இன்னைக்கோ நாளைக்கோ என்றுதான் நின்றாள். அடுத்த மாதமும் அப்படியே நின்றாள். பொங்கல் வந்தது, கொம்புக்குச் சாயம் பூசினார்கள், ஆடி வந்தது, காற்று தென்னை மட்டைகளைக் கொண்டுவந்து போட்டது, அவள் மடி இறங்கி, வாலடி தளர்ந்து, இன்னைக்கோ நாளைக்கோ என்று நின்றாள். ஒவ்வொரு நாளும் உச்சிவேளையில் கன்றின் இரண்டு குளம்பு நுனிகள் வெளியே தெரியும். வெயில் சாயும்போது உள்ளே போய்விடும். மாட்டு டாக்டர் குளம்பில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். கிணற்றடிப் பாறையில் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. "சங்கிலில எழுதுனது மாறாதுன்னாங்களே, சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

அதைக் கேள்விப்பட்டு ஓடி வந்த மீனலோசனி தொழுவத்தில் வெகுநேரம் நின்றாள். பிறந்த கன்றுக்கு ஒரு விலைதான், பிறக்கப்போகும் கன்றுக்கு நாளுக்கு நாள் விலை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வயிற்றுக்குள் இருக்கிற கன்றைப் பங்குகளாக்கினாள். பாதிக்கு மேல் நாச்சிமுத்துவுக்கு, மிச்சம் ஊருக்கும் அவளுக்கும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும். பங்கு எவ்வளவோ அவ்வளவு எடை அவரவர் சாட்சிக்கு; சாட்சி சொல்லக்கூடியவர்களின் எடையில் பாதிக்கு மேல் சேர்ந்தால்தான் புது வரி. ஏழு வருஷம் பொறுக்க வேண்டும், அதற்குள் பங்கை ஊருக்குள் கைமாற்றலாம், வெளியே விற்க முடியாது. ஆனால் அந்தப் பங்கைக் காட்டினால் வங்கி கடன் கொடுத்தது. அவள் ஏமாற்றுக்காரி இல்லை. தன் பணத்தையும் தன் தகப்பனாரின் ஓய்வுப் பணத்தையும் அதில்தான் போட்டிருந்தாள். "நீண்ட காலத்துக்கு யோசிக்கிறவங்கதான் ஜெயிப்பாங்க, ஐயா. பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றாள்.

ஊர் பொறுத்தது. கன்றுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். பிள்ளையில்லாத பெண்கள் வந்து தொழுவத்துக் கட்டுத்தறியில் மஞ்சள் துணி கட்டிப்போனார்கள். சீக்கிரம் பிறக்கட்டும் என்று பிறக்காத கன்றிடம் போய்க் கேட்கிறார்களே என்று யாரும் நினைக்கவில்லை. பால் சொசைட்டிச் செயலாளர் சாமியப்பன் மேல்மாடிக்குக் கம்பி கட்டினார். அர்த்தநாரியின் வீடு மட்டும் ஓட்டு வீடாகவே இருந்தது. நாச்சிமுத்து தினமும் வேண்டுமென்றே அந்த வழியாகப் போய், அந்த ஓடுகளைப் பார்த்துவிட்டு வந்து, திருப்தியாகச் சாப்பிட்டார்.

நாலாம் வருஷம் ஆனி மாதத்தில் அவர் மனைவி மயிலாத்தா சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"அவ படுக்கறதில்லீங்."

"யாரு?"

"யாரா? நின்னுக்கிட்டேதான் கெடக்கறா. படுத்தா எந்திரிக்க முடியாதுன்னு அவளுக்கே தெரிஞ்சுபோச்சு. முன்னங்காலு நடுங்குது, போயிப் பாருங்க. நானு ரெண்டு பெத்தவ. ஒம்போது மாசமே போதும்டா சாமின்னு இருந்துச்சு. நாலு வருசம்! உங்களுக்கெல்லாம் வயிறுன்னா சோறு போடற எடந்தான்."

நாச்சிமுத்து போய்ப் பார்த்தார். பூவாத்தா தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் கீழே ஈரம் ஓடி ஓடி மயிலை நிறத்தில் கறுப்புத் தடம் விழுந்திருந்தது. அந்தத் தடம் எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தினமும்தான் பார்த்தார், எதைப் பார்த்தார் என்பதுதான் தெரியவில்லை. டாக்டர் வந்து, இந்த ஆடிக்குள் கன்று வெளியே வராவிட்டால் தாயும் இல்லை, கன்றும் இல்லை என்றார்.

"அப்ப நீங்க 'கன்று போட்டுது, பாத்தேன்'னு ஒரு சாட்சி சொல்லுங்களேன்."

டாக்டர் பையை மூடினார். "எம் பொண்டாட்டி பேருல கொஞ்சம் பங்கு இருக்குதுங்க" என்றார், மெதுவாக.

நாச்சிமுத்து வீடு வீடாகப் போனார். உச்சிவேளையில் குளம்பு தெரிகிறது, வந்து பாருங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை என்றார். வீட்டுக்கு வீடு மோர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அப்புறம் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நாங்க ஒண்ணும் பாக்கலீங்" என்றார்கள். முதல் வீட்டில் அதைக் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. பத்து வீடு தாண்டியபோது பயம் வந்தது.

மறுநாள் தொழுவத்து வாசலில் சொசைட்டி நாற்காலிகளைப் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"காவலுங்ணா, வேறொண்ணுமில்ல" என்றார் சாமியப்பன். "வெளியூர்க்காரன் எவனாச்சும் வந்து ஏதாச்சும் செஞ்சுபோட்டா? உங்க நல்லதுக்குத்தான்."

"எம்பட மாட்டுத் தொழுவத்துக்குள்ள போறதுக்கு உன்ற நாக்காலியத் தாண்டிப் போகோணுமா?"

"தாண்டிப் போங்க, யாரு வேண்டாம்னா? இன்னம் மூணு வருசம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும். மேல்மாடிக்குக் கம்பி கட்டி உட்டுட்டனுங்ணா. மழ பேஞ்சாத் துருப்புடிச்சுப்போகும்."

மீனலோசனி வந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. இந்த நேரத்தில் கன்று பிறந்தால் எல்லோருடைய பங்கும் ஒரே நாளில் ஒரு கன்றுக்குட்டியின் விலைக்கு இறங்கிவிடும் என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்றாள்.

"பொறுக்கறது யாரு, அம்மிணி? நீயா? நானா?" என்று நாச்சிமுத்து கேட்டார். "நின்னுக்கிட்டிருக்கறது அவ."

அவள் தொழுவத்தை எட்டிப் பார்த்தாள். ஆனால் விரல் வைக்கவில்லை.

அன்று முழுக்க நாச்சிமுத்து பூவாத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தன்னிடம் பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனால் தான் சாட்சி ஆக முடியாது. அந்த விதியைத் தானே கேட்டு வாங்கியாயிற்று. வேறொருவருக்கு அதை முழுக்க எழுதிக் கொடுத்தால் அந்த ஒருவர் சொல்லே போதும். ஆனால் யாருக்கு? நல்லவன் என்று பார்த்துக் கொடுத்தால், கையில் வந்த பணத்தைப் பார்த்ததும் அவனும் செருப்பைப் பார்ப்பான். சொந்தம் என்று கொடுத்தால் சொந்தம் மேல்மாடி கட்டும். மாறாத ஒருவன் வேண்டும். நாச்சிமுத்துவின் செல்வம் எப்படியாவது போனால் போதும் என்று இருக்கிற ஒருவன் வேண்டும். அப்படி ஊருக்குள் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான், அவனை உண்டாக்கியதும் நாச்சிமுத்துதான். இருபது வருஷம் ஒரு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்த பகை. வேறெதிலும் அவர் அவ்வளவு காலம் முதல் போட்டதில்லை.

மறுநாள் காலை அவர் பால் சொசைட்டிக்குப் போய், கைமாற்றுகிற பெட்டியில் விரலை வைத்தார். பெட்டி, யாருக்கு என்று கேட்டது.

"அர்த்தநாரிக்கு" என்றார். அந்தப் பெயரைச் சொல்லி வெகுகாலம் ஆனதால் நாக்கு ஒருமுறை தடுக்கியது. அவருக்கு விற்கக் கூடாது என்றுதான் விதி; சும்மா கொடுக்கக் கூடாது என்று அதில் இல்லை.

நாலு வருஷம் நிறைசினையாக நின்ற பசுவைப் பார்த்து வியக்காத ஊர் அன்றுதான் வியந்தது. கேனைக் கீழே வைத்தவர்கள் எடுக்க மறந்தார்கள். பால் வழிந்து ரோட்டுக்குப் போயிற்று. "பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அர்த்தநாரியின் ஓட்டு வீட்டை நோக்கி நடந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டு வாசலில் கூட்டம். பழத்தட்டோடு வந்தார்கள், மாலையோடு வந்தார்கள், மகளுக்கு வரன் கொண்டுவந்தார்கள், மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது என்று நினைவு வந்து திரும்பிப் போனார்கள். மீனலோசனி வந்து நீண்ட காலத்தைப் பற்றி வெகுநேரம் பேசினாள். அர்த்தநாரி எல்லாவற்றையும் கேட்டார், பழத்தை வாங்கிக்கொண்டார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊரிலேயே பெரிய பணக்காரராகிவிட்ட அவர், எப்போதும்போல ஆட்டுக்குத் தழை வெட்டப் போனார். எந்தப் பக்கம் சாய்வார் என்று தெரியாமல் ஊர் சரியாகச் சாப்பிடவில்லை. நாச்சிமுத்துவும் சாப்பிடவில்லை. தான் வளர்த்த பகையும் பணத்தைக் கண்டு கரைந்துவிட்டதோ என்று முதல்முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது. அவன் நம்மை வெறுப்பதில் இத்தனை வருஷம் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தோம்!

தொழுவத்தில் பூவாத்தாளின் முன்னங்கால்கள் மடங்கின. மயிலாத்தாளும் அவரும் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கி உத்தரத்தில் கட்டினார்கள்.

சந்தை நாளன்று உச்சிவேளையில் அர்த்தநாரி வந்தார். அவருக்குப் பின்னால் ஊரே வந்தது. நாற்காலிக்காரர்கள் எழுந்து கும்பிட்டு வழிவிட்டார்கள். அவர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொழுவத்துக்குள் நுழைந்தார். நாச்சிமுத்து நிமிரவில்லை. பேச்சில்லாதவரிடம் எப்படிப் பேசுவது? பசுவிடம் பேசினார்.

"பூவாத்தா, வந்திருக்கறவரு உக்காருவாரான்னு கேளு."

அர்த்தநாரியும் பசுவிடம் சொன்னார். "உக்காரறதுக்கு வரலைன்னு சொல்லு, ஆத்தா. எதுக்கு எனக்கு எழுதி வெச்சான்னு கேளு. என்னய இளிச்சவாயன்னு நெனச்சானா?"

"இளிச்சவாயன்னு நெனச்சாக் குடுப்பனா? எம்பட சொத்து அழியறதப் பாக்க ஆசப்படறவரு ஊர்ல வேற ஆருமில்ல. அதான் குடுத்தேன்னு சொல்லு."

"இப்ப அது என்ற சொத்தாச்சே. அது அழிஞ்சா எனக்குத்தான நட்டம்?"

நாச்சிமுத்துவின் கை சாக்கில் அப்படியே நின்றது. வாசலில் யாரோ மூச்சு விட்டார்கள். எழுதிக் கொடுத்த அன்று அதை அவர் யோசிக்கவில்லை. அத்தனை கணக்கிலும் அந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

அர்த்தநாரி பசுவின் பின்பக்கம் போய்க் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே" என்றார்.

வாசலில் சாமியப்பன் சத்தமாகவே சிரித்துவிட்டார். நாச்சிமுத்துவுக்கு இருபது வருஷத்து ரத்தம் தலைக்கு ஏறியது; பசுவை விட்டுவிட்டு நேராக அந்த முகத்தைப் பார்த்து எழுந்தார். ஆனால் அர்த்தநாரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டே சாமியப்பா, அக்கட்டப் போங்கடா எல்லாரும். வாசல அடச்சுக்கிட்டு நின்னா வெளிச்சம் எப்படிடா வரும்? ஒரு மனுசன் இருட்டுல என்னத்தப் பாப்பான்?"

யாரும் அசையவில்லை. அவர் மண்வெட்டியை எடுத்தார். அசைந்தார்கள். உச்சி வெயில் தொழுவத்துக்குள் நேராக வந்து விழுந்தது. அந்த வெயிலில் வெண்மையாய், ஈரமாய், இரண்டு குளம்புகள் தெரிந்தன; அவற்றுக்கு மேல் ஒரு மூக்கு நுனி.

அர்த்தநாரி பெட்டியைச் சாணித் தரையிலேயே வைத்தார், குந்தினார், விரலை வைத்தார்.

"பாத்தேன்" என்றார்.

ஊரில் எல்லாப் பெட்டிகளும் ஒருமுறை கண் சிமிட்டின. பூவாத்தா நாலு வருஷத்து மூச்சையும் சேர்த்து ஒரே மூச்சாக விட்டாள். கன்று மதகு திறந்த தண்ணீர் மாதிரி வந்து விழுந்தது. எல்லாக் காங்கேயம் கன்றையும்போலச் செந்நிறமாக இருந்தது, எல்லாக் கன்றையும்போல எழுந்து விழுந்து எழுந்தது, நாலு வருஷம் உள்ளே இருந்ததற்கு ஒரு மயிர்கூட அதிகமாக இல்லை. மயிலாத்தா சாக்கின் கட்டை அவிழ்த்துவிட்டாள். பூவாத்தா மெதுவாக மண்டியிட்டுப் படுத்துக்கொண்டு கன்றை நக்கத் தொடங்கினாள்.

வாசலில் செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கத்தின. சாமியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அழுதவர்கள் அழுதார்கள், ஏசியவர்கள் ஏசினார்கள், ஆனால் கன்று துள்ளியபோது ஏசிக்கொண்டே பார்த்தார்கள்.

அர்த்தநாரி கையைத் துடைத்துக்கொண்டு பசுவிடம் சொன்னார். "அன்னைக்கும் இப்படித்தான், ஆத்தா. விடியல. வெளிச்சமில்ல. நெசமாவே பாக்கல."

நாச்சிமுத்து அவிழ்த்த சாக்கை மடிக்கத் தொடங்கினார். அர்த்தநாரி பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சீம்பால் காய்ச்சினார்கள். கன்று போட்டால் சீம்பால் ஊருக்குப் பொது. பேசாதவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும், மயிலாத்தா சின்னச் சின்ன ஏனத்தில் எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோனாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. பலர் ஏனத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்கள். சாமியப்பன் துருப்பிடிக்கப்போகும் கம்பிகளின் கீழே நின்று தின்றுவிட்டு, "வெல்லம் பத்தல" என்றார்.

மீனலோசனி ஊரைவிட்டுப் போகவில்லை. தகப்பனாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தொழுவத்துக் கல்லில் வந்து உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்து அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அவள் அதை இதற்குமுன் தின்றதில்லை. கட்டி கட்டியாக இருந்த பாலை விரலால் எடுத்துச் சாப்பிட்டாள்.

"இது எத்தனை நாளைக்கு வரும், ஐயா?"

"ரெண்டு மூணு நாளு. அப்புறம் வெறும் பாலுதான்."

"அது?"

"அது வரும், அம்மிணி. தெனமும் வரும்."

அர்த்தநாரி வீட்டுக்கு மட்டும் மயிலாத்தா போக மறுத்தாள். "நீங்களே கொண்டுபோங்க" என்றாள். நாச்சிமுத்து ஓடையில் இறங்காமல், ரோட்டு வழியாகவே போய், வாசற்படியில் ஏனத்தை வைத்துவிட்டு, உள்ளே இருக்கிறவருக்குக் கேட்கும்படி வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் சொன்னார்.

"இது பசு குடுக்கறது. கல்லுக் கணக்கு அப்படியேதான் இருக்குது. அன்னைக்குப் பாக்கலீங்கறது பொய்யி."

ஆடு தழை மென்றது.

பால் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. சாயங்காலம் ஏனம் திரும்பி வந்தது. கழுவாமல், உள்ளே எள்ளுப் புண்ணாக்கோடு, கன்று போட்ட மாட்டுக்குக் கொடுப்பது. நாச்சிமுத்து அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"கஞ்சப்பய" என்று சொன்னார். "இதுலயும் கொறச்சிருக்கறான்."

பிறகு அதைத் தண்ணீரில் ஊறப்போடாமல், சின்னச் சின்னத் துண்டாகத் தானே உடைத்து, உட்கார்ந்து, படுத்திருந்த பூவாத்தாளுக்கு ஒவ்வொன்றாக ஊட்டினார்.